மூடிச் செதுக்கிய வாய்

புர்ஸேன் வாயை மூடித்தான் செதுக்கியிருந்தான். அதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. வெண்கல நாணய அச்சில் உதடுகள் சேரும் இடத்தை மயிரிழை போன்ற ஒற்றைக் கோடாக இழுத்து முடிக்கவே அரைநாள் பிடித்திருந்தது. ஆனால் இப்போது அச்சை ஈரக் களிமண்ணில் அழுத்தி எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது, புது அரசரின் முகம் வாயைச் சற்றே திறந்திருந்தது.

அச்சைத் திருப்பிப் பார்த்தான். கோடு ஒன்றுதான். விரல்நுனியால் தடவினான். ஒன்றுதான். களிமண்ணிலோ இரண்டு உதடுகளுக்கும் நடுவே ஓர் எள் நுழையும் இடைவெளி இருந்தது.

பாரசீகத்து இஸ்தக்ர் நகரின் நாணயச்சாலையில் அன்று உலையை மூன்றாவது நாளாக அணைக்காமல் வைத்திருந்தார்கள். துருத்தி இழுத்து இழுத்து மூச்சுவிட, கரிப்புகையும் சூடான வெள்ளியின் புளிப்பு மணமும் தாழ்ந்த கூரைக்கடியில் தேங்கி நின்றன. வெளியே மலைச்சரிவில் அடித்த வெயில், வாசற்படி வரை வந்து உள்ளே நுழையத் தயங்கியதுபோல நின்றது.

மேலாளர் ஸாதோய் அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா, முடிஞ்சுதா இல்லையா?"

"வாய் திறந்திருக்குங்க."

"உத்தரவு போடுறார்னு வச்சுக்க." ஸாதோய் தாடியைச் சொறிந்துகொண்டார். "ஒரு வருஷத்துல மூணாவது ராஜா. தலைநகர்லருந்து கிரீடத்தை மட்டும் தோல்ல வரைஞ்சு அனுப்பியிருக்கான். முகத்தை அனுப்பலை. ஏன்? எவனும் முகத்தைப் பாக்கறதில்லை. பிறை சரியா இருக்கா, சிறகு சரியா இருக்கா, அம்புட்டுதான். அடுத்த ராஜா வர்றதுக்குள்ள அடிச்சு முடி."

அது உண்மைதான். முகத்துக்கு மாதிரி எதுவும் வரவில்லை. கை போனபடி செதுக்கியிருந்தான்.

காசின் பின்பக்கத்துக்கான கீழ் அச்சில் தீமேடையும் இரண்டு பக்கமும் நிற்கும் காவலர்களும். அதைப் பட்டடையில் பதித்து, மேலே வெள்ளித்தகட்டை வைத்து, அதன்மேல் அரசரின் அச்சைப் புர்ஸேன் பிடித்துக்கொண்டான். சம்மட்டிக்காரன் குஷ்னஸ்ப் மாடுபோலத் தடித்த கழுத்தைச் சாய்த்து ஒரே அடி அடித்தான். அச்சை எடுத்தார்கள். காசு ஈரமாக இருந்தது.

"உம்ம வேர்வை, உளிக்காரரே" என்றான் குஷ்னஸ்ப்.

"என் கை இங்கே இருக்கு. நான் தொடவே இல்லை."

"அப்ப ராஜா வேர்வை. வெயில் யாரை விட்டுது?"

புர்ஸேன் காசை முகர்ந்தான். வெள்ளியின் மணம் இல்லை. பல நாள் மூடிக்கிடந்த அறையைத் திறந்தால் வருமே, அந்த வாடை. முதல் காசில் எள் அளவு இருந்த இடைவெளி பத்தாவதில் கடுகளவாகியிருந்தது. பொழுது சாயும்போது அடித்த காசுகளில் அந்த வாய், யாரையோ கூப்பிடுவதுபோல அகலத் திறந்திருந்தது. முதல் காசையும் கடைசிக் காசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குஷ்னஸ்பிடம் காட்டினான்.

"எனக்கு எல்லா ராஜாவும் ஒரே மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு அவன் கையைக் கழுவப் போனான்.

ஒவ்வொரு புது அச்சிலும் அடிக்கும் முதல் காசு அதைச் செதுக்கியவனுக்கு என்பது அந்த நாணயச்சாலையின் வழக்கம். அதை இடுப்புக்கச்சையில் முடிந்துகொண்டு புர்ஸேன் வீட்டுக்குப் போனான். வேறொரு கண் பார்த்துச் சொன்னால் தேவலை என்றிருந்தது. மனைவி தேனக் முற்றத்தில் மாதுளம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். சிவந்த விரல்களால் காசை வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். சிரித்தாள்.

"நல்ல வேலை பண்ணியிருக்கீங்க. ராஜாவுக்கு உங்க அண்ணன் முகத்தை வச்சிருக்கீங்க."

"என்ன உளர்றே?"

"மூக்கைப் பாருங்க. அந்த மேட்டுப் புருவத்தைப் பாருங்க. அவரு ஒருக்களிச்சுப் படுத்திருந்தா இப்படித்தானே இருப்பாரு?"

புர்ஸேன் பார்த்தான். பார்த்ததும் தெரிந்தது. எப்படி இத்தனை நேரம் தெரியாமல் போயிற்று என்பதுதான் தெரியவில்லை.

போன கோடையில் கொள்ளைநோய் ஊருக்குள் நுழைந்தபோது தேனக் தாய்வீட்டில் இருந்தாள். முற்றத்துக்கு எதிர்ப்புற அறையில் இருந்த அண்ணன் மாஹ்தாத்தின் கழுத்தில் கட்டி புறப்பட்ட அன்றே, புர்ஸேன் அந்தக் கதவை வெளியிலிருந்து தாழிட்டான். தூக்கத்திலேயே போய்விட்டார் என்று பிறகு அவளிடம் சொன்னான். உயிர் போக மூன்று நாள் ஆயிற்று என்பதைச் சொல்லவில்லை. தண்ணீர் கேட்டதைச் சொல்லவில்லை. முதலில் பெயர் சொல்லிக் கேட்டார், பிறகு பெயர் இல்லாமல், பிறகு வெறும் காற்றாக. கதவுப்பலகையின் பிளவு வழியே ஒரே ஒரு முறை பார்த்ததையும் அவன் சொல்லவில்லை. தரையில் பக்கவாட்டில் கிடந்த முகம். ஒற்றைக் கண். திறந்த வாய்.

"ரொம்ப வறட்சியா இருக்கு இன்னிக்கு" என்றாள் தேனக். அந்த ஊர்ப்பக்கத்தில் நாக்கு வறண்டால் வெள்ளிக்காசை நாக்கடியில் ஒதுக்கிக்கொள்வார்கள், எச்சில் ஊறும். அவன் தடுப்பதற்குள் காசு அவள் வாய்க்குள் போயிருந்தது.

மறுநாள் அவன் புது அச்சு செதுக்கினான். இந்த முறை மூக்கை வளைத்தான். தாடியைச் சுருட்டினான். உதடுகளின் மேல் மீசையைத் தடிப்பாக இழுத்து வாயையே மறைத்தான். களிமண்ணில் அழுத்தி எடுத்தபோது அண்ணன்தான் இருந்தார். மீசை இல்லை. வாய் இருந்தது.

மதியம் வேலையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தான். முற்றத்தில் மூன்று தண்ணீர்ச் சாடிகளும் கவிழ்ந்து கிடந்தன. மண் நனையவே இல்லை. தேனக் சுவரோரம் அவனுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவன் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அவளும் அந்த அளவுக்கு நகர்ந்தாள். அவளுடைய வலக் கன்னமும் ஒரு கண்ணும் மட்டுமே அவனுக்குக் கிடைத்தன.

"தேனக், அந்தக் காசைத் துப்பு."

அவள் வாய்க்குள் வெள்ளி பல்லில் இடித்தது. டிக்.

"வெளியேதானே நின்னுக்கிட்டிருந்தே" என்றாள். குரல் அவளுடையதுதான். ஆனால் கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவள் அவனிடம் ஒருமையில் பேசியதே இல்லை. "ரெண்டாம் நாள் மத்தியானம். கதவுக்கு அடியில உன் கால் நிழல் தெரிஞ்சுது."

"யாரு சொன்னா உனக்கு?"

"கூப்பிட்டேன். நிழல் ஒரு எட்டு பின்னால போச்சு."

டிக்.

அவன் ஓடினான். செருப்பை எங்கே விட்டான் என்று தெரியாது. சுட்ட கல்தரை உள்ளங்காலைப் பொசுக்கியது. அது நல்லதுபோல இருந்தது. நாணயச்சாலையில் உலை அணைந்திருந்தது. சம்மட்டியை எடுத்தான். இரண்டு அச்சையும் பட்டடையில் வைத்து அடித்தான். வெண்கலம் நசுங்கும்வரை. முகம் கலங்கும்வரை. தோள் கழன்றுவிடும்போல் ஆகும்வரை.

ஸாதோய் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"கைய வெட்டுவாங்கப்பா உனக்கு" என்றார் மெதுவாக. கோபம்கூட இல்லை.

"அடிச்ச காசு எங்கே? எல்லாத்தையும் உருக்கணும்."

"காலையிலேயே போயாச்சு. படைக்குச் சம்பளம், நெசவுக்காரனுக்கு, கல்லுடைக்கிறவனுக்கு, எல்லாருக்கும் போயாச்சு. ஊர்ல ஒரு கை பாக்கியில்லை. எனக்கே இதோ ஒண்ணு வந்திருக்கு." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "குடிக்க ஏதாச்சும் வச்சிருக்கியா நீ?"

தெருமுனைக் கிணற்றில் தோல்பையை நிரப்பிக்கொண்டு புர்ஸேன் வீட்டுக்குள் நுழைந்தபோது பொழுது மஞ்சளாகியிருந்தது. முற்றத்தில் அவள் இல்லை. எதிர் அறைக் கதவு திறந்திருந்தது. தீக்கோயில் பூசாரி மோபத் வந்து மந்திரம் ஓதிச் சுத்தம் செய்துவிட்டுப் போன நாளிலிருந்து யாரும் திறக்காத கதவு. வாசற்படியருகே தரையில் தேனக் ஒருக்களித்துக் கிடந்தாள். வலக் கன்னம் மேலே. ஒற்றைக் கண். வாய் திறந்து.

"தண்ணி" என்றது வாய்.

அந்த வாசற்படிக்கு முன்னால் அவன் கால் தானாக ஓர் எட்டு பின்னால் போயிற்று. அதை அவன் உணர்ந்தான். பல்லைக் கடித்துக்கொண்டு படியைத் தாண்டினான். மண்டியிட்டு அவள் தலையை மடியில் ஏந்திக்கொண்டான்.

"கேட்டுச்சுண்ணே" என்றான். "மூணு நாளும் கேட்டுச்சு. பயமா இருந்துச்சு. காதைப் பொத்திக்கிட்டு நின்னேன். சாடி என் கையிலதான் இருந்துச்சு."

தோல்பையின் கழுத்தை அவிழ்த்து ஊற்றினான். அவள் விழுங்கவில்லை, தண்ணீர் அப்படியே உள்ளே போயிற்று. மணலில் போவதுபோல. பை மெலிந்தது. மடிந்தது. கடைசிச் சொட்டு விழுந்தபோது, அந்த வாய், மெல்ல, மூடிக்கொண்டது.



தேனக் இருமினாள். காசு தரையில் விழுந்து உருண்டு படுத்தது. அதில் அரசரின் உதடுகள் ஒற்றைக் கோடாகச் சேர்ந்திருந்தன.

"என்னங்க?" அவள் எழுந்து உட்கார்ந்து, முழு முகத்தோடு, இரண்டு கண்களோடு அவனைப் பார்த்தாள். "இங்கே ஏன் உட்கார்ந்திருக்கேன்? நீங்க ஏன் அழுறீங்க?"

அவன் அவள் கன்னங்கள் இரண்டையும் தொட்டுப் பார்த்தான். இடதும் இருந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. சிரிப்பும் அழுகையுமாக ஏதோ சொல்ல வாயெடுத்தான். அப்போதுதான் காதில் பட்டது.

தெரு சத்தமே இல்லாமல் இருந்தது. அந்நேரத்துக்குக் கழுதைகள் திரும்பும், ரொட்டிக்கடைக்காரன் கூவுவான், படைவீரர்கள் சம்பளத்தோடு மதுக்கடைக்குப் பாட்டுப்பாடிப் போவார்கள். ஒன்றும் இல்லை. ஒரே ஒரு சின்னச் சத்தம் மட்டும், பல இடங்களிலிருந்து.

டிக். டிக். டிக்.

"நீ இங்கேயே இரு" என்று சொல்லிவிட்டு, காலிப் பையோடு போய் வெளிக்கதவைத் திறந்தான்.

தெரு முழுக்க ஆட்கள். வாசல்களில், கடைமுகப்புகளில், கிணற்றுச் சுவரைச் சுற்றி, கோட்டைக்கு ஏறும் வழி வரைக்கும். எல்லோரும் அவனுக்குப் பக்கவாட்டில். எல்லோரும் ஒரே திசை பார்த்து. குஷ்னஸ்ப் நின்றான், மாட்டுக் கழுத்து அசையாமல். ஸாதோய் நின்றார். ஈட்டியோடு வீரர்கள். இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி. குழந்தையும் அந்தத் திசையே. தண்ணீர் விற்பவன் நின்றான். அவன் தோளில் பை காலியாகத் தொங்கியது. ஆளுக்கு ஒற்றைக் கண். ஆளுக்கு ஒரு திறந்த வாய். கிணற்றுக் கயிறு அடிவரை இறங்கிக் கிடந்தது. அதன் நுனி காய்ந்திருந்தது.

"புர்ஸேன்" என்றது ஒரு வாய்.

"புர்ஸேன்" என்றது பக்கத்து வாய்.

அண்ணன் குரல். வீடு வீடாக. தெரு தெருவாக. மலையடிவாரம்வரை.

அவன் கையிலிருந்த தோல்பை நழுவியது. காற்றுப்போன பையின் மெல்லிய ஓசை. அந்த ஓசைக்கு எல்லா முகங்களும் ஒன்றாக அசைந்தன. இதுவரை காட்டாத மற்றப் பக்கம் அவன் பக்கம் வர, மெதுவாக, ஒரே சீராகத் திரும்பின.

அந்தப் பக்கத்தில் எதுவும் செதுக்கப்பட்டிருக்கவில்லை.