வீட்டுக்குப் போகும் முன்

ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு அவள் மேசையிலிருந்து தலையைத் தூக்கியபோது, திரையில், ஸ்னாப்ஷாட் பட்டியலில், ஒரே பெயர் இரண்டு முறை இருந்தது. 'வீட்டுக்குப் போகும் முன்'. நான்கு பத்துக்கு ஒன்று, நான்கு பதினைந்துக்கு ஒன்று. முதலாவதை எடுத்தது அவள்தான். எடுத்துவிட்டு, ஐந்தே நிமிடம் என்று கண்ணை மூடியவள். அப்படியானால் இரண்டாவதை எடுத்தது யார்?

மூன்று நாளாக, ஒரு மருத்துவமனையின் வர்ச்சுவல் மெஷின்களை, அதாவது மென்பொருளாகவே ஓடும் கணினிகளை, புது சர்வருக்கு மாற்றும் வேலை. மாடு கூட இப்படி உழைக்காது. கிளம்புமுன் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைப்பது அவள் வழக்கம். அந்த நொடியில் டிஸ்க் எப்படி இருக்கிறதோ, அப்படியே உறைந்து நிற்கும். நாளை ஏதாவது கெட்டுப்போனால் அங்கிருந்து மீட்டுக்கொள்ளலாம். அதற்குப் பெயர் வைப்பது மனிதர்கள்; ஒரே பெயரை எத்தனை பேரும் வைக்கலாம். மெஷின் கொடுக்கும் நீளமான அடையாள எண் மட்டும் இன்னொன்றுக்கு வராது.

"பேரை நம்பாதீங்கப்பா, நம்பரைப் பாருங்க" என்று புதிதாக வருகிறவர்களிடம் ஓதி ஓதி, ஆபீசில் அவளுக்கு 'நம்பர் அக்கா' என்றே பட்டப்பெயர் விழுந்துவிட்டது.

டிஸ்க் நிரம்பிச் சிவப்பு காட்டியது. இரண்டில் ஒன்று போயாக வேண்டும். மதியமே கணவன் அழைத்திருந்தான். "பாப்பாவுக்குக் காய்ச்சல் விடல. உன்னைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா. சீக்கிரம் வந்துரு."

தூக்கக் கலக்கத்தில் கை இரண்டு தடவை அழுத்தியிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். முப்பத்தாறு எழுத்து எண்ணைச் சரிபார்க்க உடம்பில் தெம்பில்லை. வாழ்க்கையில் முதல்முறையாகப் பெயரைத் தட்டி, அழி என்றாள். ஒரே பெயரில் இரண்டு இருந்தால் அந்த மென்பொருள் பழையதை அழித்துவிடும். அது அவளுக்குத் தெரிந்ததுதான்.

நான்கு பத்து மறைந்தது. நான்கு பதினைந்து நின்றது.

சர்வர்களின் இரைச்சலும், ஏசியின் முனகலும், சூடான பிளாஸ்டிக் வாடையும் சட்டென்று யாரோ கதவைச் சாத்தியதுபோல விலகிப்போயின. பையை எடுக்கத் திரும்பினாள். நாற்காலியில் பை இல்லை. அதற்குள் இருந்த மொபைலும் இல்லை. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கதவில் வைத்தாள். சிவப்பு விளக்கு. மறுபடி வைத்தாள். சிவப்பு.

மேசைத் தொலைபேசியில் வீட்டு எண்ணை அழுத்தினாள்.

"ஹலோ, யாரு?" மகளின் குரல். காய்ச்சல் தெரியாத, தெளிந்த குரல்.

"அம்மாடா கண்ணு. அப்பாகிட்ட குடு."

"அம்மா இங்கதான் இருக்காங்க. எனக்குத் தலை வாரி விட்டுக்கிட்டு இருக்காங்க."

பின்னால் சீப்பை வைக்கும் சத்தம். போன் கைமாறியது.

"யாரு பேசறது?"

அவளுடைய குரல். மூன்று நாள் அலுப்பு அப்படியே அதில் இருந்தது. திக்கித் திணறித் தன் பெயரைச் சொன்னாள்.

மறுமுனையில், அலுப்போடு, பொறுமையாக:

"பேரை விடுங்க. நம்பரைச் சொல்லுங்க."

கழுத்து அட்டையைத் திருப்பினாள். அவளுடைய படம் இருந்தது. அவளுடைய பெயர் இருந்தது. பணியாளர் எண் இருந்த இடம் வெள்ளையாக இருந்தது.