காற்றுத் தொட்டி

ஜாம் தொழிற்சாலையின் பின்கட்டுக்கு மேனேஜர் வந்தபோது காலை பத்து மணி. புளித்த பழவாடை வழக்கம்போல மூக்கைத் துளைத்தது. பழம் கழுவிய தண்ணீரை அங்கே ஒரு பெரிய தொட்டியில் விட்டு, அடியிலிருந்து காற்றை ஊதிக் கிருமிகளை வளர்ப்பார்கள். அழுக்கைத் தின்று தீர்ப்பது அவற்றின் வேலை. பெற்ற பிள்ளையைக்கூட மேனேஜர் இப்படி வளர்த்ததில்லை என்று ஆட்கள் கேலி பேசுவார்கள்.

எட்டு நாளுக்கு முன் நுரைக்காரன் அதில்தான் விழுந்தான். பொங்கும் நுரையைத் தண்ணீர் அடித்து அடக்குகிறவன் அவன். காற்று கொதிக்கும் தண்ணீர் யாரையும் மிதக்க விடாது. எப்பேர்ப்பட்ட நீச்சல்காரனும் கல்லாய் இறங்குவான். காற்றை ஊதும் மோட்டாரை நிறுத்தினால் பிழைத்துக்கொள்ளலாம்.

"காத்த நிறுத்துங்க சார்!" என்று அலறினான்.

மேனேஜரின் கை சுவிட்சில்தான் இருந்தது. சோப்புக்காரம் கலந்து ஒருமுறை செத்துப்போன கிருமிகளை ஒரு மாதம் பாடுபட்டு மீட்டிருந்தார். அரைமணி நேரம் காற்றில்லாவிட்டாலும் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது என்பது அவருக்குத் தெரியும். இருந்தும் மனசு வரவில்லை. பாவி மனுஷன், கயிறு தேடப் போனார். திரும்பி வந்தபோது நுரை மட்டும்தான் இருந்தது.

இன்று சோதனைக்கூடத்துப் பெண் கண்ணாடி ஜாடியோடு ஓடிவந்தாள். தொட்டித் தண்ணீரை அதில் பிடித்து வைத்தால் அரைமணியில் கிருமிகள் திரண்ட சேறு அடியில் படிய வேண்டும்.

"படியவே மாட்டேங்குது சார். ஏறி ஏறி இறங்குது. மூச்சு விடுற மாதிரி..."

"பட்டப்பகல்ல பேய்க்கதையா? தள்ளும்மா, நானே பாக்கறேன்."

தொட்டியின் மேல்பாலத்தில் ஏறினார். கீழே நுரை மெல்ல விலகியது.

காதோரம் ஈரமாக ஒரு மூச்சு பட்டது.

"கயிறு கெடச்சுதா சார்?"

கணுக்காலை ஜில்லென்று ஏதோ பற்றியது. கம்பியைப் பிடிப்பதற்குள் ஆள் உள்ளே போயிருந்தார்.

"காத்த நிறுத்தும்மா! நிறுத்து!"

அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பாய்ந்துபோய் சுவிட்சை இறக்கினாள். மோட்டார் முனகி அடங்கியது.

தொட்டி முன்னைவிட அதிகமாகக் கொதித்தது.

ஒரு கை மேலே வந்தது. விரல்கள் காற்றைப் பிராண்டின. பிறகு நுரை மூடிக்கொண்டது.

விசாரணை முடியும்வரை மோட்டாரைத் தொடக்கூடாது என்று பூட்டிவிட்டார்கள். பூட்டிய பத்தாம் நாள் அவள் ஒரு சொட்டுத் தொட்டித் தண்ணீரை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். காற்றில்லாமல் செத்து நாறியிருக்க வேண்டிய கிருமிகள் உயிரோடு துள்ளிக்கொண்டிருந்தன.

வெளியே, பூட்டிய மோட்டாருக்குப் பக்கத்தில், தொட்டி இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது.