நைனாவின் சிவப்புக் கவலை

லைட்ஹவுஸ் குப்பத்தில் காக்காய்க்குத் தெரியாமல்கூடக் கருவாடு காயவைத்துவிடலாம். எப்சிபாவுக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்ய முடியாது.

அவளுடைய நைனா வின்சென்ட் செய்து பார்த்தார். காசநோய் மாத்திரையை வாயில் போடுவதுபோல் போட்டு, படகுக்குப் போகும் வழியில் மணலில் துப்பினார்.

“நைனா! இன்னா இது?”

வின்சென்ட் திருதிருவென்று முழித்தார். “கத்தாதடி. இத்தப் போட்டா ஒண்ணுக்கு செவப்பா போவுது. நடுக்கடல்ல கூட்டாளிங்க பார்த்தா ரத்தம்னு பயந்துடுவாங்க. அப்புறம் துளசிங்கம் அண்ணன் போட்டுல ஏத்துவாரா?”

எப்சிபாவுக்குச் சிரிப்பு வந்தது. உடனே நின்றும் போனது. படகில் கதவு ஏது, மறைவு ஏது? ஆனால் மாத்திரையை விட்டால் நைனா பழையபடி எலும்பும் தோலுமாகப் படுத்துவிடுவாரே!

பள்ளி விட்டதும் டாக்டர் கலைவாணியைத் தேடிப் பிடித்தாள். நோயாளி பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறி அலையக் கூடாது, மாத்திரைதான் குப்பத்துக்கு வரவேண்டும் என்று பல வருஷம் மல்லுக்கட்டிச் சாதித்தவர் அவர். இப்போது அந்த அலைச்சல் முழுக்க அவருடைய ஸ்கூட்டருக்கு.

விஷயத்தைக் கேட்டதும் டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். “நிறம் மாறும், பயப்படாதீங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்றேன். படகுல பாத்ரூம் இல்லைன்னு தோணவே இல்லையே! நானும் ஒரு டாக்டர்!”

“பார்க்கிறவங்களுக்கும் சொல்லணும் டாக்டர். ஆனா நைனா பேரைச் சொல்லிடாதீங்க.”

மாலையில் வலை சரிபார்க்கும் கொட்டகையில் டாக்டர் காசநோய் மாத்திரையைப் பற்றிப் பொதுவாகப் பேசினார். நிறத்தைச் சொன்னதும் சிரிப்பில் கொட்டகையே குலுங்கியது.

“பீட்ரூட் தின்னாப்லயா?” என்றார் ஒருவர்.

வின்சென்ட் மெல்ல எழுந்தார். “ஆமா. நான்தான் அந்த மாத்திரை சாப்பிடறேன்.”

சிரிப்பு நின்றது. எல்லாரும் படகுக்காரர் துளசிங்கத்தைப் பார்த்தார்கள். எப்சிபா வலையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“எங்களுக்கு ஒட்டிக்குமா டாக்டர்?” என்றார் துளசிங்கம்.

“இப்போ ஒட்டாது. சோதிச்சுப் பார்த்துட்டோம். மாத்திரையை நிறுத்தினாத்தான் வம்பு.”

துளசிங்கம் மீசையைத் தடவினார். “வின்சென்ட்டு, இனிமே செவப்பா வரலைன்னா போட்டுல ஏறாதே!”

கொட்டகை மறுபடி குலுங்கியது. வின்சென்ட்தான் அதிகம் சிரித்தார்.

கூட்டம் கலைந்தும் துளசிங்கம் மட்டும் போகவில்லை. எப்சிபாவிடம் குனிந்தார். “பாப்பா, சளி சோதிக்கிற டப்பா ஒண்ணு வாங்கியாந்து தர்றியா? எனக்கும் ரொம்ப நாளா இருமல். யார்கிட்டயும் சொல்லிடாதே.”

அவள் டப்பாவோடு திரும்பியபோது, துளசிங்கத்துக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர், எதற்கும் சம்பந்தமில்லாதவர்கள்போல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

எப்சிபா ஒன்றும் கேட்காமல் மறுபடியும் டாக்டரிடம் ஓடினாள்.