ஐந்து பத்து வண்டி

ஐந்து பத்துக்கு வரவேண்டிய வண்டி நான்கு ஐம்பத்தெட்டுக்கே வந்து நின்றது. மற்றவர்களுக்கு அது நல்ல செய்தி. நோட்டு அக்காவுக்கு அப்படித் தோன்றவில்லை. ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூட அது சீக்கிரம் வந்ததில்லை. தாமதமாக வருவதில்தான் அது கெட்டிக்கார வண்டி.

அவள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். நாலரைக்கு வேலை முடிந்ததும் பஸ் நிலையத்து சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து, வந்துபோகிற உள்ளூர் வண்டிகளையெல்லாம் நோட்டில் குறித்துக்கொள்வாள். வெறும் நம்பரை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். எந்த வண்டிக்கு எங்கே நசுங்கல், எந்த ஜன்னலில் கம்பி வளைந்திருக்கிறது, மூன்றாவது ஜன்னலில் தினமும் உட்காருகிற டீச்சர் எப்படிக் கன்னத்தில் கை வைத்துக்கொள்வாள், அதெல்லாம்தான் அவள் கணக்கில் குறிப்பு. இப்படிப் பதினொரு நோட்டு ஆகிவிட்டது. நோட்டு அக்கா என்பது டிரைவர்கள் வைத்த பெயர். வண்டிகள் எப்போதும் இடப்பக்கத்தைப் பெஞ்சுக்குக் காட்டித்தான் நிற்கும் என்பதால், அவள் எழுதியதெல்லாம் இடப்பக்கத்தைப் பற்றியே இருந்தது.

ஐந்து பத்து வண்டிக்கு மட்டும் தனி நோட்டு. அதில் கண்டக்டர் அவளுடைய தம்பி. அப்பா அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது. அவனை ஆளாக்கிய மும்முரத்தில் தனக்குக் கல்யாண வயது தாண்டிப்போனது அவளுக்குத் தெரியவே இல்லை. தெரிந்தபோது பெரிதாக வருத்தமும் இல்லை. அவன் ஒருவன் போதும், அவனுக்கு மட்டும் ஒன்றும் ஆகக்கூடாது. தினமும் அதே வண்டியில்தான் இருவரும் வீட்டுக்குப் போவார்கள்.

நோட்டைப் பிரித்து வண்டியோடு ஒப்பிட்டாள். முன்சக்கரத்துக்கு மேலே உள்ளங்கை அளவு நசுங்கல், இருந்தது. பின்வாசல் கைப்பிடியில் சுற்றிய கறுப்பு டேப், இருந்தது. டீச்சரும் கன்னத்தில் கை வைத்தபடி இருந்தாள். எழுதியது அத்தனையும் வண்டியில் இருந்தது. எழுதாதது ஒன்றுகூட இல்லை. அதை நினைத்து அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகுதான் ஒவ்வொன்றாக உறுத்தத் தொடங்கியது. என்ஜின் ஓடுகிற சத்தம் கேட்டது, ஆனால் எப்போதும் கடகடவென்று ஆடுகிற ஜன்னல் கண்ணாடிகள் அசையாமல் இருந்தன. மூக்கைப் பொத்தவைக்கிற டீசல் நாற்றத்துக்குப் பதிலாக, பூட்டிவைத்த பீரோவைத் திறந்தால் வருமே, அந்தப் பழைய காகித வாடை வந்தது. வண்டியிலிருந்து ஒருவரும் இறங்கவில்லை. தம்பி பின்படியில் நின்று, வழக்கம்போல இடதுகையைத் தூக்கிக் காட்டினான். ஆனால் இறங்கி வரவில்லை. வண்டி நிற்பதற்கு முன்பே குதித்து, "இன்னிக்கு எத்தனை வண்டி ஆச்சுக்கா?" என்று கேட்கிறவன் அவன்.

டைம் கீப்பரின் கூண்டுக்குப் போனாள்.

"தம்பி வண்டி பன்னெண்டு நிமிஷம் முன்னாடியே வந்து நிக்குது. பாத்தீங்களா?"

"உன் தம்பி வண்டியா? அப்ப என் கடியாரம்தான் கெட்டுப்போச்சு" என்றார் அவர், பேரேட்டிலிருந்து தலை தூக்காமல்.

"உங்ககிட்ட வந்து கையெழுத்து போட்டானா?"

"இன்னும் போடல. வருவாம்மா, எங்க போயிடப்போறான்?"

திரும்பி நடக்கும்போது அவளுக்கு மூக்கில் வியர்த்தது. ஒரே பர்மிட்டை வைத்துக்கொண்டு, ஒரே நம்பரில் இரண்டு வண்டி ஓட்டுகிற முதலாளிகள் இருக்கிறார்கள். பிடிபட்டால் முதலாளி தப்பித்துக்கொள்வான். மாட்டுகிறவன் கண்டக்டர். இந்தப் பாவி என்னிடம் எதையோ மறைக்கிறான் என்று நினைத்தாள். கோபம் வந்தது. கூடவே பயமும் வந்தது.

சரியாக ஐந்து பதினான்குக்கு வாசல் பக்கம் ஹாரன் கேட்டது. புகையைக் கக்கிக்கொண்டு, கண்ணாடிகள் கடகடக்க, இன்னொரு வண்டி உள்ளே வந்து மூன்றாம் நடைமேடையில் நின்றது. அதே நம்பர். அதே நசுங்கல். அதே கறுப்பு டேப்.

அப்படியென்றால் சந்தேகம் சரிதான். அவள் கண்கொத்திப் பாம்பாக அதைத் துருவினாள். முன்வாசலிலிருந்து பின்வாசல் வரை நீளமாக ஒரு கீறல் ஓடியது. அது நோட்டில் இல்லை. ஒரு விளக்கு உடைந்திருந்தது. அதுவும் நோட்டில் இல்லை. மூன்றாவது ஜன்னலில் டீச்சர் கன்னத்தில் கை வைக்காமல், யாரிடமோ கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள்.

டீச்சர் எப்படி இரண்டு பேராக இருக்க முடியும்?

பின்படியிலிருந்து கண்டக்டர் இறங்கினான். தம்பியின் முகம். தம்பியின் நடை. ஆனால் புருவத்தின் மேல் துணிக்கட்டு, சட்டைக் கழுத்தில் ரத்தம், நொண்டுகிற கால்.

திரும்பி முதல் வண்டியைப் பார்த்தாள். அங்கேயும் தம்பி இருந்தான். காலையில் அவள் தேய்த்துக் கொடுத்த சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. காயமில்லை. கறையில்லை.

கடையில் இரண்டு லென்ஸை வைத்தால், கண் டாக்டர் சீட்டில் எழுதியதோடு பொருந்துவதுதான் சரியான லென்ஸ். மற்றது தப்பு. இருபது வருஷமாக அந்தக் கண் அவளை ஏமாற்றியதில்லை. தப்பாகச் செய்த நகல் எது என்று அவளுக்கு இப்போது சந்தேகமே இல்லை.

தப்பானது அவளை நோக்கி வந்தது.

"அக்கா, ஒண்ணும் பயப்படாத. வழியில லாரிக்காரன் உரசிட்டான். சின்ன அடிதான்."

குரல்கூட அப்படியே. அவள் பின்னால் நகர்ந்தாள்.

"என்னக்கா? ஏன் அப்படிப் பாக்கற?"

அவன் பார்வை அவளைத் தாண்டிப் போனது. நின்றிருந்த வண்டி மேல் விழுந்தது. முகம் வெளுத்தது.

"அக்கா, இங்க வா. அது நம்ம வண்டி இல்ல."

கையை நீட்டினான். விரல்களில் ரத்தம். அவள் ஓடினாள். பின்படியில் நின்ற தம்பி வழிவிட்டான். அவனை உரசிக்கொண்டு ஏறி, "எடுக்கச் சொல்லுடா" என்றாள். வண்டி குலுங்காமல் கிளம்பியது.

வெளியே யாரோ வண்டியின் பக்கத்தில் அறைந்தார்கள். "அக்கா! இறங்குக்கா!" நொண்டிக்கொண்டே ஓடி வருகிற சத்தம். சின்ன வயதில் பள்ளிக்கூட வாசலில் அவளை விடமாட்டேன் என்று அழுவானே, அதே தொண்டை. எந்த நகலும் அப்படி அழாது. அது அவளுக்கு அந்த நொடியில் புரிந்தது. சத்தம் பின்தங்கியது. நின்றுபோனது.

வலது பக்க இருக்கையில் ஜன்னலோரம் சரிந்தாள். அந்தப் பக்கம் வேறு யாரும் இல்லை. எல்லோரும் இடது ஜன்னல்களில் வரிசையாக, நேர் முன்னால் பார்த்தபடி இருந்தார்கள். டீச்சரைக் கூப்பிடலாம் என்று பார்த்தாள்.

டீச்சருக்கு வலது கன்னம் இல்லை. கண் இல்லை. காது இல்லை. மூக்கோடு முகம் முடிந்திருந்தது. அதற்கு இப்பால் இன்னும் தேய்த்து உருக்கொடுக்காத லென்ஸ் போல மொழுக்கென்று ஒன்று.

அடுத்தவருக்கும். அதற்கடுத்தவருக்கும். டிரைவருக்கும். அவள் நோட்டில் ஒருநாளும் எழுதாத பக்கம் அது.

ஜன்னலோடு ஒட்டிக்கொண்டாள்.

பின்படியிலிருந்து தம்பி வந்தான். இடப்பக்கத்தை முன்னால் வைத்து, பக்கவாட்டிலேயே, ஒவ்வோர் அடியாக. அவள் அருகே வந்ததும் நிதானமாகச் சுற்றி, பக்கத்து இடத்தில் உட்கார்ந்தான்.

அவன் வலப்பக்கம் இப்போது அவளை ஒட்டியிருந்தது. அது அவள் தோளில் சாய்ந்தது. குளிர்ந்தது.

"எத்தனை ஆச்சுக்கா?" என்றது.