பாதிப் படையல்

வாசலில் ஒரு ஷூ அதிகமாக இருந்தது. வெள்ளைக் கேன்வாஸ் ஷூ, இடது கால் மட்டும், குதிகால் பக்கம் மிதிபட்டு மடிந்திருந்தது. எவளாவது விட்டுப் போயிருப்பாள் என்று டெரிக் நினைத்துக்கொண்டான். அவனைத் தேடி ஒருத்தி வந்தே மாதக்கணக்காகிறது என்பதை அவன் தனக்குத்தானே கூட ஒத்துக்கொள்ள மாட்டான்.

கனடாவிலிருந்து சியோலுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வந்தவன். வந்து இத்தனை வருஷமாகியும் பீர் கேட்பதற்கு மேல் அந்த ஊர்ப் பேச்சு நாக்கில் ஏறவில்லை. வெளிநாட்டுக்காரர்கள் குடித்துக் கூத்தடிக்கும் மலைச்சரிவுத் தெருவைத்தான் நாடு என்று நினைத்திருந்தான். போன வருஷம் பேய் வேஷம் போட்டு ஆடும் கொண்டாட்ட இரவில் அங்கே ஒரு சந்தில் கூட்டம் நெரிந்து, வாழவேண்டிய பிள்ளைகள் நின்ற நிலையிலேயே மூச்சு முட்டிச் செத்துப்போனார்கள். அப்போது டெரிக் சளி மாத்திரை போட்டுக்கொண்டு இதே அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரமே வீடியோ போட்டான். "நான் அங்கதான் இருந்தேன். படியில நின்னு கை நீட்டினேன். ஒரு பொண்ணு பிடிச்சா. நான் விடவே இல்ல." கண்ணீர்கூட வேண்டிய இடத்தில் வந்தது. வெட்கம் மட்டும்தான் வரவில்லை.

வருஷம் திரும்பியதும் இன்னொரு வீடியோ வேண்டியிருந்தது. இன்று மதியம் கொரியர்கள் செய்வதைப் பார்த்து, செத்தவர்களுக்குப் படையல் போட்டான். பழம், சோறு, மீன், ஒரு கிண்ணத்தில் சோஜு சாராயம். கதவை விரியத் திறந்து வைத்து, "வாங்க, என் கையைப் பிடிச்சுக்குங்க" என்று காமிராவைப் பார்த்துக் கூப்பிட்டான். காமிராவை அணைத்ததும் குளிர் காற்று வருகிறதென்று கதவைச் சாத்தினான். வீடியோவை ஏற்றிவிட்டு மீனைத் தின்றான், சோஜுவையும் விடவில்லை.

இருட்டத் தொடங்கியபோது அறையில் ஒரு வாசனை எழுந்தது. ஈரத் துணியும் வேர்வையும் மலிவான சென்ட்டும் கலந்து, நெருக்கியடித்த பேருந்துக்குள் வருமே, அந்த வாசனை. ஜன்னலைத் திறந்தும் அது போகவில்லை, சுவரோரமாக ஏதோ உரசும் சத்தம் மட்டும் நின்று நின்று கேட்டது.

கதவு தட்டப்பட்டது. கீழே சலவைக்கடை வைத்திருக்கும் வீட்டுக்காரம்மா மல்சுன், வெளிநாட்டு வாடிக்கைக்காரர்களிடம் பழகி இங்கிலீஷ் பேசக் கற்றவள்.

"என்ன வாத்தியாரே, இத்தனை பேரைக் கூட்டி வச்சிருக்கீங்க? மேல ஒரே காலடிச் சத்தம்."

"நான் மட்டும்தான்மா இருக்கேன்."

அவள் குனிந்து வாசலைப் பார்த்தாள். இப்போது அங்கே ஏழெட்டு ஷூக்கள். எல்லாம் ஒற்றை. எல்லாம் உள்ளே பார்த்திருந்தன.

"வீடியோ பார்த்தேன். படையல் போட்டுச் செத்தவங்களக் கூப்பிட்டீங்க. முடிஞ்சதும் கதவைத் திறந்து அவங்கள வழியனுப்பினீங்களா?"

"அது... சும்மா வீடியோவுக்குத்தான்."

"என் தங்கச்சி மக அந்தச் சந்துலதான் போனா. நீங்க கை கொடுத்தேன்னு சொன்னப்போ, அவ கையா இருக்குமோன்னு ராத்திரி பூரா அழுதேன். சொல்லுங்க, அவ கை எப்படி இருந்துச்சு?"

டெரிக் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். காமிரா முன்னால் தங்குதடையின்றி நீட்டிய கை.

அவள் புரிந்துகொண்டாள். அவன் முகத்தை ஒரு கணம் பார்த்தாள், செத்த எலியைப் பார்ப்பதுபோல. "கூப்பிட்டவங்கள நீங்களே அனுப்பி வைங்க" என்று கதவை இழுத்துச் சாத்திவிட்டு இறங்கிப் போனாள்.

கதவைத் திறந்துவிட்டால் போதும். எட்டி வைத்தால் நாலு அடி. அவன் நகர்ந்தான். தோள் இடித்தது. எதிரே யாரும் இல்லை. பக்கவாட்டில் திரும்பினான். அங்கேயும் இடித்தது.

வெறும் அறை. நிற்க இடமில்லை.

கழுத்தில் சூடாக ஒரு மூச்சு. காதருகே இன்னொன்று. நெஞ்சு இறுகியது. கத்தப் பார்த்தான். காற்று வரவில்லை.

பாதம் தரையில் இல்லை.

கதவின் கைப்பிடியை நோக்கிக் கையை நீட்டினான். ஜென்மத்தில் முதல் தடவையாக, நிஜமாகவே.

ஒரு சின்னக் கை பிடித்தது.

பிறகு இன்னொன்று. இன்னொன்று.

விடவே இல்லை.