மெங்கார்டாவின் விரல்கள்

அடுப்புக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும் சிபிலியாவின் விரல்கள் ஏன் இப்படிச் சில்லிட்டுக் கிடக்கின்றன என்றுதான் ரிக்சேந்தா முதலில் நினைத்தாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கணவன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு கணவாய் தாண்டிப் போய்விட்டான். இனி வசந்தம் வரை அந்த மலைவீட்டில் அவளும் நாத்தனார் சிபிலியாவும் கைக்குழந்தையும்தான். கூந்தலை அவிழ்த்துப் போட்டு, நெற்றியை முழங்காலில் ஊன்றி அவள் குனிந்திருக்க, பின்னால் முக்காலியில் உட்கார்ந்து நாத்தனார் பேன் பார்த்தாள். விட்டத்தில் தொங்கிய பன்றித்தொடையில் புகை ஏறும் வாசனையும், தடுப்புக்கு அப்பால் பசு அசைபோடும் சத்தமும், நகங்களுக்கு நடுவே டிக் டிக்கென்று பேன் நசுங்குவதும் சேர்ந்து அவளுக்குக் கண்ணைச் சொருகிக்கொண்டு வந்தது.

ஈர மண் வாசனையும் வந்தது. குழி தோண்டும்போது வருமே, அது.

"அண்ணி! கதவைத் திறங்க. கை ரெண்டுலயும் விறகு இருக்கு!"

வெளியிலிருந்து சிபிலியாவின் குரல்.

ரிக்சேந்தா மூச்சை அடக்கினாள். விரல்கள் நிற்கவில்லை. காதுக்குப் பின்னால் நகத்தால் வகிடு எடுத்து முடியை வெடுக்கென்று இழுத்தன. அந்த இழுப்பை அவளுக்குத் தெரியும். "பேன் வளர்க்கவாடி உன்னைப் பெத்துப் போட்டா உங்கம்மா?" என்று ஊர்ப் பெண்கள் எதிரில் மாமியார் மெங்கார்டா இழுக்கிற இழுப்பு. அறுவடை முடிந்ததும் மெங்கார்டாவைப் புதைத்தார்கள். குளிப்பாட்டியது ரிக்சேந்தா. நகத்தை ஒட்ட வெட்டியதும் அவள்தான்.

நகம் மறுபடி வளர்ந்திருந்தது.

"அண்ணி? உள்ள தாழ் போட்டிருக்கு. தூங்கிட்டீங்களா?"

தாழ்ப்பாளை அவள் போடவில்லை.

ஓடிவிடலாம். ஆனால் தொட்டில் அடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தது.

விரல்கள் நின்றன. முக்காலி கிறீச்சிட்டது. மண் தரையில் ஏதோ இழுபட்டது. மெல்ல. தொட்டில் பக்கமாக.

தொட்டில் ஆடியது.

அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. பயம் போகவில்லை. அதையும் மீறி வந்தது.

"அத்தை. அவனைத் தொடாதீங்க."

தொட்டில் ஆடியது.

"உங்களைத்தான். இது இப்ப என் வீடு. என் அடுப்பு. செத்தும் அதிகாரம் பண்ணணுமா? வாங்க இங்க. ஊர்ல எல்லார் தலையையும் பார்த்தீங்களே, உங்க தலையை யாரு பார்த்தா? வந்து படுங்க."

மடியைத் தட்டினாள். இன்னும் ஓங்கித் தட்டினாள்.

தொட்டில் நின்றது.

இழுபடும் சத்தம். நெருங்கியது. மடியில் கனம். ஈரம். கல் மாதிரி.

அவள் குனிந்து பார்க்கவில்லை. விரல்களைக் கூந்தலுக்குள் விட்டாள். சேறு. வேர். ஏதோ நெளிந்தது. பேன் இல்லை. பிடித்தாள். நகத்தில் வைத்து நசுக்கினாள்.

"வலிக்குதா? எனக்கும் இப்படித்தான் வலிச்சுது."

வெளியே சிபிலியா கதவை இடித்தாள். ரிக்சேந்தா நிமிர்ந்து பார்த்தாள்.

கதவுக்கு உள்பக்கம் பெண்கள். சுவரோரமாக, ஒருத்தி முதுகுக்குப் பின்னால் ஒருத்தி. அவள் பார்த்தே இராத முகங்கள். எல்லோரும் முக்காட்டை எடுத்து, குழி மண் அப்பிய கூந்தலை அவிழ்த்துப் போட்டிருந்தார்கள்.

"பிள்ளை தூங்குது. சத்தம் கூடாது," என்றாள் ரிக்சேந்தா. "அடுத்து யாரு?"

வரிசை மொத்தமும் ஒரு சாண் முன்னால் நகர்ந்தது.