பதினோரு ஞாயிறும் ஒரு கரண்டி மீனெண்ணெயும்

ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறு, விடிந்தும் விடியாத நேரம். சாந்தோமில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் அந்தச் சந்தில் மற்ற வீடுகள் இன்னும் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தன. வாத்தியார் அல்போன்ஸ் வீட்டில் மட்டும் விளக்கு எரிந்தது, பேச்சும் கேட்டது.

"இன்னைக்காவது எழுந்து வருவியா லூயிசா, இல்லை உக்காந்த எடத்துலயே உக்காந்துக்கினு இருப்பியா?"

கேட்டவள் டோரதி, அல்போன்ஸின் அக்காள். மாதா சபையின் தலைவி. கண்ணாடி முன் நின்று, மாதா உருவம் பதித்த சுரூபம் கோத்த நீல ரிப்பனைக் கழுத்தில் நேராக்கிக்கொண்டே கேட்டாள். கொல்லைப்புறத்திலிருந்து அப்போதுதான் உள்ளே வந்த தம்பி மனைவி லூயிசா, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னைக்கு வேணாம் அண்ணி..."

அவ்வளவுதான் பதில். பதினோரு ஞாயிறாக அதே பதில்.

நன்மை வாங்குவது என்றால் சும்மா இல்லை. பூசையின்போது பீடத்தண்டை போய் முழங்காலிட்டு, சாமியார் நாக்கில் வைக்கும் அப்பத்தை வாங்க வேண்டும். அதற்கு முந்தின நடுராத்திரி முதல் பச்சைத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்கியிருக்கக் கூடாது. அதைவிட முக்கியம், ஆத்துமத்தில் சாவான பாவம் எதுவும் இருக்கக் கூடாது. சபைப் பெண்கள் எல்லோரும் ரிப்பனோடு எழுந்து வரிசையாகப் போகும்போது ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருந்தால், கோயில் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். திரும்பிப் பார்ப்பதற்குத்தானே கோயிலில் அவ்வளவு பேர்.

அதுவும் லூயிசா! மூன்று ஊருக்கும் சேர்த்து முழங்கால் போட்டவள். அவள் பதினோரு வாரம் எழுந்திருக்கவில்லை என்றால் சந்து சும்மா இருக்குமா? கல்யாணமாகி ஒன்பது வருஷம், வயிற்றில் ஒன்றும் இல்லை. அதனால் ராயப்பேட்டைப் பக்கம் யாரிடமோ தாயத்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள் என்றார்கள் ஒரு சாரார். வேதம் மாறிப் பிராட்டஸ்டாண்டுப் புத்தகம் படிக்கிறாள் என்றார்கள் இன்னொரு சாரார். எதிர்வீட்டு மர்சலினம்மாள் ஒருத்திதான் நியாயமாகப் பேசியவள். "நமக்கு எதுக்கு அந்தப் பேச்சு" என்பாள். சொல்லிவிட்டு, பேச்சு முடிகிறவரை நகரவும் மாட்டாள்.

உண்மை வேறு. அது அரிசிப் பானைக்குள் ஒரு பழுப்புப் பாட்டிலில் இருந்தது.

டோரதிக்கு ஒரு பெண், ஆறு வயது செசிலி. அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே டோரதியின் புருஷன் மார்ச்சளி வந்து ஆஸ்பத்திரியில் படுத்து, கலர் கலராக மருந்து குடித்து, ஒன்பதாம் நாள் போய்ச் சேர்ந்தான். மருந்துதான் கொன்றது என்பது டோரதியின் தீர்ப்பு. தம்பி வீட்டுக்கு வந்த அன்றே, இங்கிலீஷ் மருந்து ஒரு சொட்டுகூடத் தன் பிள்ளையின் வாயில் படாது என்று மாதா படத்துக்கு முன் நேர்ந்துகொண்டாள். செசிலி இருமினால் வேளாங்கண்ணியிலிருந்து வந்த மந்திரித்த எண்ணெய் நெஞ்சில் தடவப்படும். கடற்காற்று ஆகாதென்று ஜன்னல்கள் சாத்தியே இருக்கும். பிள்ளைக்குச் சூரியன் என்றால் சுவரில் தொங்கும் காலண்டரில் இருப்பதுதான்.

மாதத்துக்கு இரண்டு காய்ச்சல், ஓயாத சளி. கால்கள் இரண்டும் லேசாக வளையத் தொடங்கியிருந்தன. அதை முதலில் கண்டது லூயிசா. குளிப்பாட்டுகிறவள் கண்ணுக்குத்தானே தெரியும்.

மார்கழி கடைசியில், பாவாடைத் துணி எடுக்கப் போவதாகச் சொல்லிக் குழந்தையை ராயப்பேட்டைக்கு அழைத்துப் போனாள். அங்கே இருந்த டாக்டரம்மாள் காலைத் தட்டிப் பார்த்தாள், விலாவை எண்ணிப் பார்த்தாள். "புள்ளைய பூட்டியா வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். வைட்டமின் 'டி' என்று ஒன்று உண்டாம். வெயிலிலும் மீன் ஈரல் எண்ணெயிலும் இருக்கிறதாம். அது இல்லாவிட்டால் எலும்பும் வளையும், வருகிற சளிக்கெல்லாம் உடம்பு வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்குமாம். தினம் காலை வெயிலில் அரை மணி, ஒரு சின்னக் கரண்டி எண்ணெய். ஒரு நாள்கூடத் தவறக் கூடாது. அப்படி அழுத்திச் சொன்னாள்.

லூயிசா அதைக் கட்டளை மாதிரி பிடித்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மத்தியானம் கொடுத்தால் மீன் ஒன்றும் கோபித்துக்கொண்டிருக்காது என்று அந்த டாக்டரம்மாளே பிற்பாடு சொல்லிச் சிரித்தாளாம். ஆனால் அன்றைக்கு யார் கேட்டார்கள்?

பொங்கலன்று ஆரம்பித்தது. முதல் கரண்டியைக் காலைப் பலகாரத்துக்குப் பிறகு கொடுத்தாள். குழந்தை எண்ணெயோடு ஆப்பத்தையும் சேர்த்து வெளியே அனுப்பிவிட்டது. வெறும் வயிற்றில்தான் நின்றது. அதற்கும் செசிலி ஒரு நிபந்தனை போட்டாள்.

"அத்தை, நீ மொதல்ல குடி. அப்பத்தான் நான்."

குடித்தாள். குடித்தது போதாது, வாயைத் திறந்து காட்டவும் வேண்டும். ஆசிரியர் வீட்டுப் பிள்ளை, பரீட்சை வைக்காமல் விடுமா? டோரதி முன்கூடத்தில் கண்ணை மூடிக்கொண்டு செபமாலை சொல்லும் அந்த அரை மணியில், கொல்லைக் கிணற்றடி வெயிலில் இது நடந்தது. மீன் வாடையால் சந்தேகம் வரவில்லை. கடலோரச் சந்து, கறி தின்னாத தபசு காலம் வேறு, மீன் நாறாத வீடு எது?

தினமும் காலையில் ஒரு கரண்டி என்றால் ஞாயிறும், பூசைக்குப் புறப்படுமுன், ஒரு கரண்டிதான். மருந்தானாலும் வயிற்றில் அது இறங்கிய பிறகு லூயிசா எப்படி நன்மை வாங்குவாள்? உட்கார்ந்தாள். தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, எல்லோரும் பார்க்கப் பதினோரு வாரம் உட்கார்ந்தாள்.

குழந்தையோ தேறிக்கொண்டு வந்தது. சளி நின்றது. கன்னம் பிடித்தது. கிணற்றைச் சுற்றி ஓடியது. டோரதிக்கு ஒரே பூரிப்பு. எல்லாம் மாதா எண்ணெய் செய்த புதுமை என்று வீடு வீடாகச் சொன்னாள். மந்தைவெளியிலிருந்தெல்லாம் பெண்கள் கிண்ணத்தோடு வந்தார்கள். வந்தவர்களுக்குக் காப்பி கலந்து கொடுத்தபடி லூயிசாவும் "ஆமாம்" என்று தலையாட்டினாள்.

அல்போன்ஸுக்கும் தெரியாது. நல்ல மனிதர், கட்டுரை நோட்டில் ஒரு புள்ளி விட்டால் சிவப்பு மையால் வட்டம் போடுகிறவர், வீட்டில் எதையும் கேட்க மாட்டார். ஆனால் ஊர்ப்பேச்சு அவர் பள்ளிக்கூடம் வரை போய்விட்டது. அந்த வாரமெல்லாம் நோட்டுகளைத் திருத்தும்போது அவர் பேனா நின்று நின்று போயிற்று.

பெரிய வியாழக்கிழமைப் பூசையிலும் லூயிசா எழவில்லை. வீட்டுக்கு வந்ததும் டோரதி கையை நீட்டினாள்.

"ரிப்பனைக் கழட்டிக் குடு."

லூயிசா கழற்றிக் கொடுத்தாள்.

"அல்போன்ஸு, கேட்டுக்கோ," என்றாள் டோரதி. "ஈஸ்டர் அன்னைக்கு இவ நன்மை வாங்கணும். இல்லாட்டி நான் எம் புள்ளைய கூட்டிக்கினு மந்தைவெளி சித்தி வீட்டுக்குப் போயிடுவேன். சபைக்குத் தலைவின்னு பேரு, சொந்த வூட்டுல பாவத்தை வெச்சிக்கினு எந்த மூஞ்சியோட ரிப்பன் கட்டிப்பேன்? பாவம் பண்ற கையால எம் புள்ளைக்குச் சோறும் வேணாம்."

லூயிசாவுக்கு மற்றதெல்லாம் காதில் விழவே இல்லை. மந்தைவெளி மட்டும் விழுந்தது. மந்தைவெளியில் கிணற்றடி வெயில் ஏது? பாட்டில் ஏது? மறுபடி ஜன்னல் சாத்திய அறை, மறுபடி இருமல். எண்ணெய் குடித்துவிட்டு நன்மை வாங்கினால் தேவ துரோகம். குடிக்காவிட்டால் குழந்தையும் குடிக்காது. நன்மை வாங்காவிட்டால் குழந்தையே இருக்காது.

சனிக்கிழமை சாயங்காலம் அல்போன்ஸ் வாய் திறந்தார். "லூயிசா... எங்கிட்டகூடச் சொல்லக் கூடாதா?"

"பாவம் எதுவும் பண்ணலைங்க," என்று அழுதாள். "இதை மட்டும் கேக்காதீங்க."

அவர் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் அவளை இன்னும் அழ வைத்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு குழந்தையைத் தனியே அழைத்து, நாளைக்கு ஒரே ஒரு நாள் நீ தனியாகக் குடிக்க வேண்டும் கண்ணு என்று கெஞ்சினாள். செசிலி தலையை ஆட்டியது. எந்தப் பக்கமாக ஆட்டியது என்பதை லூயிசா சரியாகக் கவனிக்கவில்லை.

ஈஸ்டர் காலை. எல்லோரும் கூடத்தில் தயாராக நின்றார்கள். லூயிசா வெள்ளைச் சேலையில், வெறுங்கழுத்தோடு. டோரதியின் கையில், கழற்றி வாங்கிய அந்த ரிப்பன்.

"வாங்கப் போறியா?"

"போறேன் அண்ணி."

அந்த நேரம் பார்த்துச் சமையலறையிலிருந்து செசிலி வந்தது. ஒரு கக்கத்தில் பழுப்புப் பாட்டில். இன்னொரு கையில் கரண்டி, தளும்பத் தளும்ப. ஈஸ்டருக்குத் தைத்த பாவாடையெல்லாம் சொட்டு.

"அத்தை, நீ இன்னைக்கு குடிக்கவே இல்லை. ஆ காட்டுன்னா காட்டவும் இல்லை. ஒரு நாள்கூடத் தவறக் கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்கல்ல?"

டோரதி குனிந்தாள். மோந்தாள்.

"இன்னாடி இது?"

"மீன் எண்ணெய்ம்மா. தினம் அத்தை மொதல்ல குடிக்கும், அப்புறம் நான் குடிப்பேன். நீ கண்ணை மூடிக்கினு செபமாலை சொல்லுவ இல்ல, அப்ப."

டோரதியின் முகம் வெளுத்தது, பிறகு சிவந்தது. "எம் புருஷன வாரிக்கினு போன மருந்த... எம் புள்ளைக்கு ஊத்துனியா? எத்தினி நாளா?"

"பொங்கல்லேருந்து அண்ணி." லூயிசா அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "என்னை அடிங்க. பாட்டிலை மட்டும் உடைச்சிடாதீங்க..."

டோரதி அடிக்கவில்லை. அவள் விரல்கள் செபமாலை மணிகளைத் தாமாகவே தள்ளின. பொங்கலுக்கு முந்தின வாரம்தான் செசிலிக்குக் கடைசியாகக் காய்ச்சல் கண்டது. அதற்குப் பிறகு? மணிகள் நகர்ந்தன, காய்ச்சல் ஒன்றும் அகப்படவில்லை. திடீரென்று விரல் நின்றது.

"தினம் நீ மொதல்ல குடிப்பே. ஞாயித்துக்கிழமையுமா?"

"ஞாயித்துக்கிழமையும்தான். நான் குடிக்காட்டி அது குடிக்காது அண்ணி."

அல்போன்ஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைக்க வேண்டியது கண்ணாடியா கண்ணா என்று தெரியாமல் சற்று நேரம் விழித்தார்.

"என்னாண்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே லூயிசா," என்றாள் டோரதி.

"சொல்லியிருந்தா குடுக்க வுட்டிருப்பீங்களா?"

டோரதியிடம் ஆயிரம் குறை சொல்லலாம். பொய் சொல்கிறவள் என்று மட்டும் சொல்ல முடியாது. "வுட்டிருக்க மாட்டேன்," என்றாள். "மாதா எண்ணெய்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சேன். நீயும் கேட்டுக்கினு நின்னியே..."

"அதுவும் பொய்யில்லையே அண்ணி. வெளியில தடவுனதும் மாதா குடுத்ததுதான், உள்ள போனதும் மாதா குடுத்ததுதான்."

கோயிலில் முதல் மணி அடித்தது.

"யாராவது குடிங்களேன்," என்றது செசிலி. "எனக்குக் கை வலிக்குது."

லூயிசா கரண்டிக்குக் கை நீட்டினாள். அவளுக்கு முன்னால் டோரதியின் கை போயிற்று.

"அக்கா, இன்னைக்குப் பெரிய நாளு, நீ நன்மை வாங்க..." என்று அல்போன்ஸ் சொல்லி முடிப்பதற்குள் எண்ணெய் உள்ளே போய்விட்டது. மாதா சபைத் தலைவியின் முகம் ஒரு கோணலாகப் போய், இன்னொரு கோணலாகத் திரும்பி வந்தது.

"ஆ காட்டு," என்றது குழந்தை.

காட்டினாள். பரீட்சையில் தேறினாள். செசிலி தன் கரண்டியை மடக்கென்று குடித்தது.

டோரதி ரிப்பனை லூயிசாவின் கழுத்தில் போட்டாள். சுரூபத்தை நேராக்கப் போன கை, அப்படியே அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது. இரண்டு பேரும் அழுதார்கள். மீன் வாடை சந்து வரை அடித்தது.

"பதினோரு வாரம்டி," என்றாள் டோரதி. "ஒரு வாரம் நான் உக்காந்தா செத்தா போயிடுவேன்? போ. நீ முன்னாடி போ."

அன்று கோயிலில் நடந்ததைச் சாந்தோமில் இன்றும் சொல்வார்கள். சபைப் பெண்கள் எழுந்தபோது முதலில் நடந்தவள் லூயிசா. வெள்ளைச் சேலை, நீல ரிப்பன். இரண்டு கன்னமும் ஈரம், ஆனால் நடை நேர். வாத்தியார் இருமுவதுபோல் ஏதோ செய்தார். டோரதி எழவில்லை. முதுகை நிமிர்த்தி, தலையை நிமிர்த்தி, உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். ஆறு வருஷத்தில் அவள் பிள்ளை முதல் தடவையாகக் கோயில் வாசல் வெயிலில் ஓடிக்கொண்டிருந்தது.

கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மர்சலினம்மாள் இரண்டு வரிசை தாண்டி ஊர்ந்து வந்து, டோரதியின் காதோடு கேட்டாள். "என்னா டோரதி, நன்மை வாங்கலையா? மனசுல ஏதாவது..."

"மருந்து குடிச்சிட்டேன்," என்றாள் டோரதி, கடைசி வரிசைக்கும் கேட்கும்படியாக.